ஷாங்காய் நூன்: “இதுல ஷாங்காய் எங்க வருது?” முதலான கேள்விகள்

லீவுக்குப் பிள்ளைகள் வீட்டில் கூடினால் நான் போடுகிற படங்களில் ‘ஷாங்காய் நூன்’ ஒன்று. அண்ணன் பிள்ளைகள், ஆபீஸ் நண்பர்கள், ஒருமுறை பால்கனிக்கு கிரில் அடிக்க வந்த வெல்டர் என்று பலரோடு உட்கார்ந்து பார்த்தாகிவிட்டது. ஆள் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. ஒவ்வொரு முறையும் படத்தை நிறுத்தி விளக்கம் சொல்லி அலுத்துப் போனதால் இங்கே எழுதி வைத்துவிட்டேன். கதையின் முடிவு வரை பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் முதல் நான்கைந்து கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மொதல்ல இது என்ன படம்? கதையை ரெண்டு வரியில சொல்லுங்க.

2000ஆம் ஆண்டு மே மாதம் வெளியான ஹாலிவுட் படம். ஜாக்கி சான், ஓவன் வில்சன், லூசி லியூ நடித்தது. இயக்குநர் டாம் டே, அவருக்கு இதுதான் முதல் படம். கதை 1881இல் நடக்கிறது. பெய்ஜிங் அரண்மனையில் இருந்து வெளியேறும் இளவரசி பெய் பெய், ஏமாற்றப்பட்டு அமெரிக்காவின் நெவாடாவில் சிக்கிக்கொள்கிறாள். ஒரு லட்சம் பொற்காசு கொடுத்தால்தான் விடுவேன் என்கிறான் லோ ஃபாங். அவனும் ஒரு காலத்தில் அரண்மனைக் காவலனாக இருந்து ஓடிப்போனவன்தான். காசை எடுத்துக்கொண்டு மூன்று சிறந்த வீரர்கள் கிளம்புகிறார்கள். மொழிபெயர்ப்பாளரான மாமாவுக்குப் பெட்டி தூக்குகிற சாக்கில் கூடவே போகிறவன் நம்ம ஜாக்கி சான், அதாவது சோன் வாங்.

நெவாடாவில் ரயிலை ஒரு கும்பல் மறிக்கிறது. அதன் தலைவன் ராய் ஓ’பேனன், அதாவது ஓவன் வில்சன். கொள்ளையடிக்கும்போதுகூடப் பயணிகளிடம் நல்ல பேர் வாங்க நினைக்கிற ஆசாமி. கும்பலில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் மாமாவைச் சுட்டுவிடுகிறான். சோன் வாங்கும் ராயும் முதலில் பகையாளிகள், அப்புறம் கூட்டாளிகள். மீதியெல்லாம் இவர்கள் இருவரின் அலப்பறை.

சித்தப்பா, ஷாங்காய்னு பேரு வச்சிட்டு படத்துல ஷாங்காயே வரலையே?

வராது. அரண்மனை இருப்பது பெய்ஜிங்கில், மீதிக் கதை நடப்பது நெவாடாவில். ஷாங்காய்க்கு யாரும் போவதுமில்லை, அங்கிருந்து யாரும் வருவதுமில்லை. 1952இல் வந்த ‘ஹை நூன்’ என்ற புகழ்பெற்ற கவ்பாய் படத்தின் பெயரைக் கொஞ்சம் திருப்பிப் போட்டதுதான் இந்தத் தலைப்பு. ஹை நூன் என்றால் உச்சிப்பொழுது. ‘ஹை’ இருந்த இடத்தில் ‘ஷாங்காய்’ உட்கார்ந்துகொண்டது, அவ்வளவுதான்.

படத்துக்குள்ளும் இதற்கு ஒரு சாக்கு உண்டு. சோன் வாங்குக்கு அந்த ஊர்க்காரர்கள் வைக்கும் பட்டப்பெயர் ‘ஷாங்காய் கிட்’. சீனாவில் இருந்து வந்த யாராக இருந்தாலும் அவர்களுக்கு ஷாங்காய்க்காரன்தான். வடக்கே போனால் நம்மில் யாராக இருந்தாலும் ‘மதராசி’ ஆகிவிடுவது போல.

நான் கவ்பாய் படமே பாத்ததில்ல. புரியுமா?

தாராளமாகப் புரியும். கதை நேர்கோட்டில் போகிறது. ஆனால் பழைய கவ்பாய் படங்கள் இரண்டு மூன்று பார்த்தவர்களுக்குச் சிரிப்பு இரண்டு மடங்கு வரும். ரயில் கொள்ளை, சாராயக்கடை அடிதடி, தூக்கு மேடை, நேருக்கு நேர் துப்பாக்கிச் சண்டை என்று அந்த வகைப் படங்களின் சடங்குகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. எதுவும் நடக்க வேண்டிய மாதிரி நடக்காது. ராய் பாலைவன மண்ணில் கழுத்துவரை புதைக்கப்பட்டுக் கிடக்கிற காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான படத்தில் ஹீரோ வந்து தோண்டி எடுப்பான். இங்கே சோன் வாங் இரண்டு சாப்ஸ்டிக் குச்சிகளை அவன் வாயில் செருகிவிட்டு, நீயே தோண்டிக்கொள் என்று போய்விடுகிறான்.

ஹீரோ பேரைச் சொன்னதும் ராய் ஏன் அப்படி மூஞ்சியைச் சுளிக்கிறான்?

சோன் வாங், சோன் வாங் என்று கொஞ்சம் வேகமாகச் சொல்லிப் பாருங்கள். ராயின் காதில் அது ‘ஜான் வெய்ன்’ என்று விழுகிறது. கவ்பாய்க்கு இதைவிட மோசமான பேர் இருக்க முடியாது என்கிறான். இருபதாம் நூற்றாண்டில் கவ்பாய் என்றாலே நினைவுக்கு வந்த நடிகர் ஜான் வெய்ன். கதை நடக்கும் 1881இல் அவர் பிறக்கவே இல்லை, 1907இல்தான் பிறந்தார். அதனால் ராய்க்கு அது வெறும் கேவலமான பேர், நமக்கு மட்டும்தான் ஜோக். இதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. ஜான் வெய்ன் என்பதே சினிமாவுக்காக வைத்த பேர். அம்மா அப்பா வைத்தது மேரியன். கவ்பாய்க்கு எது ஒத்துவராத பேர் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

படத்தின் பின்பகுதியில் இதே ஜோக் திரும்பி வரும். ராய் ஓ’பேனன் என்பது தன் சொந்தப் பேர் இல்லை, உண்மைப் பேர் வயட் அர்ப் என்று அவன் ஒத்துக்கொள்கிறான். இப்போது சோன் வாங்கின் முறை. அதே வசனத்தை அவனிடமே திருப்பிப் போடுகிறான். வயட் அர்ப் என்பவர் நிஜமாகவே வாழ்ந்த சட்டக் காவலர். அமெரிக்க மேற்கின் மிகப் பிரபலமான துப்பாக்கிச் சண்டையில் நின்றவர். அரிசோனாவின் டூம்ஸ்டோன் ஊரில் சுமார் அரை நிமிடம் நடந்து முடிந்த அந்தச் சண்டையின் தேதி 1881 அக்டோபர் 26. படம் நடக்கும் அதே வருஷம்.

டப்பிங்கில் இந்த ஜோக் செத்துவிடும். முதல் தடவையாவது மூல மொழியில், கீழே எழுத்து ஓட விட்டுப் பாருங்கள்.

வில்லன் மார்ஷல் பேரும் ஏதோ ஜோக்காமே?

ஆமாம். மார்ஷல் என்றால் சட்டக் காவலர். அவன் பேர் நேதன் வான் கிளீஃப். லீ வான் கிளீஃப் என்ற நடிகருக்கு வைத்த வணக்கம் அது. கழுகு மூக்கும் இடுங்கிய கண்ணுமாக, பல கவ்பாய் படங்களில் வில்லனாக வந்தவர். அவர் நடித்த முதல் படமே ‘ஹை நூன்’தான். அதில் அவருக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது, சும்மா முறைத்துக்கொண்டே இருப்பார். ஆக, தலைப்பு ஜோக்கும் வில்லன் பேர் ஜோக்கும் ஒரே படத்தில் போய் முட்டுகின்றன.

நம்மிடமும் இந்த விளையாட்டு உண்டு. 2010இல் சிம்புதேவன் எடுத்த ‘இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்’ படத்தில் ஊர்ப் பேரே ஜெய்சங்கர்புரம். எழுபதுகளில் தமிழில் தொப்பியும் துப்பாக்கியுமாகக் குதிரையேறிய ஜெய்சங்கருக்கு வைத்த வணக்கம். அந்தப் படத்தை ரசித்தவர்களுக்கு இந்தப் படத்தின் குறும்பு உடனே பிடிபடும்.

சண்டையெல்லாம் ஜாக்கி சானே போட்டதா? அப்ப அவருக்கு வயசு என்ன?

1954இல் பிறந்தவர், படம் வந்தபோது நாற்பத்தாறு. சிறுவயதில் ஹாங்காங்கில் பீக்கிங் ஆப்பெரா என்ற சீனக் கூத்துப் பள்ளியில் பத்து வருஷம் குட்டிக்கரணமும் பாட்டும் ஆயுதமும் அடிபட்டுக் கற்றவர். அவருடைய சண்டையில் நடனத்தின் தாளம் இருப்பதற்கு அதுதான் காரணம். எழுத்துப் பட்டியல் ஓடும்போது டிவியை அணைத்துவிடாதீர்கள். சறுக்கி விழுந்தது, வசனம் மறந்து சிரித்தது எல்லாம் கடைசியில் வரும். இந்தப் பழக்கத்தை அவர் பிடித்துக்கொண்டது, சின்ன வேடத்தில் நடித்த ‘தி கேனன்பால் ரன்’ என்ற அமெரிக்கப் படத்தில் இருந்து.

அவர் எப்படி அடிக்கிறார் என்பதை விட எதை வைத்து அடிக்கிறார் என்று கவனியுங்கள். காட்டில் பூர்வகுடி வீரர்கள் துரத்தும்போது இளமரங்களை வளைத்து வளைத்து விடுகிறார். நிமிர்கிற மரமே வருகிறவனை அறைகிறது. சாராயக்கடையில் சுவரில் மாட்டியிருந்த மான் கொம்பு கைக்கு வருகிறது. எனக்குப் பிடித்தது லாடம். கயிற்றின் நுனியில் ஒரு குதிரை லாடத்தைக் கட்டிக்கொண்டு சுழற்றுவார். கழுத்தைச் சுற்றி, முழங்கையில் மடக்கி, காலால் உதைத்து வெளியே விட்டு, மறுபடி கைக்கு இழுப்பார். கயிற்று நுனியில் கூர்முனை கட்டிச் சுழற்றுவது சீனாவின் பழைய ஆயுதக் கலை. கூர்முனைக்குப் பதில் கவ்பாயின் லாடம். இந்தப் படம் எதைச் செய்ய நினைத்ததோ அது முழுக்க அந்த ஒரு கயிற்றில் இருக்கிறது.

சார், ஈரச் சட்டையை முறுக்கினா ஜெயில் கம்பி நிஜமாவே வளையுமா?

இது வெல்டர் கேட்டது. காட்சி இதுதான்: சிறையில் அடைபட்ட சோன் வாங் தன் சட்டையைக் கம்பிகளில் சுற்றி முறுக்கி வளைக்கப் பார்க்கிறான். அதற்கு முன் சட்டை நனைய வேண்டும். தண்ணீர் இல்லை. அதனால் கையிருப்பில் உள்ளதை வைத்து நனைக்கிறான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிற இடம்.

தத்துவம் சரிதான். மாட்டுவண்டியில் பாரம் கட்டும்போது கயிற்றுக்குள் குச்சியைச் செருகி முறுக்குவார்களே, அதேதான். முறுக்கு ஏற ஏற இழுவிசை பல மடங்காகும். நனைத்தால் துணி பலப்படுமா என்றால், பருத்திக்குப் பலப்படும். பருத்தி நூல் ஈரத்தில் காய்ந்ததைவிடச் சற்று உறுதியாக இருக்கும். பட்டு நேர்மாறு, நனைந்தால் பலம் குறையும். அரண்மனைக்காரன் பட்டுச் சட்டை போட்டிருந்தால் பாடு திண்டாட்டம். வெல்டரின் தீர்ப்பு வேறு மாதிரி இருந்தது. “நம்ம கிரில்லுனா கம்பி வளையறதுக்கு முன்னாடி பத்தவச்ச எடம் விட்டுக்கும் சார்.” அன்று அவர் அடித்துக்கொண்டிருந்தது எங்கள் கிரில் என்பதால் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முடியைத்தானே வெட்டினான்? அதுக்கு எதுக்கு அந்த ஆள் அப்படி ஒடஞ்சு போறாரு?

படத்தில் நான் யாரையும் பேசவிடாத இடம் இது. லோ ஃபாங் சோன் வாங்கின் பின்சடையை அறுத்துவிடுகிறான். அதுவரை நகைச்சுவையாக ஓடிய படம் ஒரு நிமிடம் அப்படியே நிற்கும்.

அப்போது சீனாவை ஆண்டது சிங் வம்சம். அவர்கள் மஞ்சூக்கள், வடக்கிலிருந்து வந்து சீனாவைப் பிடித்தவர்கள். 1645இல் ஒரு கட்டளை போட்டார்கள். ஆண்கள் எல்லோரும் முன்தலையை மழித்து, பின்னால் ஒற்றைச் சடை விட வேண்டும், மஞ்சூக்களைப் போல. மறுத்தால் மரணம். “தலை வேண்டுமானால் முடி போகும், முடி வேண்டுமானால் தலை போகும்” என்று சொல்லப்பட்டது அந்தக் காலத்தில்தான். எதிர்த்தவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். சடை என்பது பேரரசருக்கு அடங்கியவன் என்பதற்கான அடையாளம். அது இல்லாதவன் கலகக்காரன். 1912இல் வம்சம் கவிழும் வரை இதுதான் நிலை. அமெரிக்காவுக்குக் கூலி வேலைக்குப் போன சீனர்கள்கூடக் கேலியையும் அடியையும் தாங்கிக்கொண்டு சடையை வைத்திருந்ததற்கு ஒரு காரணம், என்றைக்காவது ஊருக்குத் திரும்ப வேண்டுமே என்பதுதான்.

ஆகவே லோ ஃபாங் அறுத்தது முடியை அல்ல, ஊருக்குத் திரும்பும் வழியை. சோன் வாங் காவலனாக நிற்பதற்கு இனி அரண்மனை இல்லை. படத்தின் முடிவில் அவன் எடுக்கும் முடிவு இங்கேயே விதைக்கப்படுகிறது. இதைச் செய்கிறவனும் அதே அரண்மனையை விட்டு ஓடியவன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அப்ப இது நடந்த கதையா?

இல்லவே இல்லை. 1881இல் சிங்காசனத்தில் இருந்த குவாங்ஷு பேரரசருக்கு வயது பத்து. உண்மையான அதிகாரம் பெரியம்மா முறை வரும் சிஷியின் கையில் இருந்தது. நெவாடாவுக்கு ஓடிப்போன இளவரசி யாரும் வரலாற்றில் கிடையாது. சடை உண்மை, ரயில்பாதை உண்மை, வயட் அர்ப் உண்மை. அவற்றை முடிச்சுப் போட்ட கயிறு மட்டும் கற்பனை. எழுதியவர்கள் ஆல்ஃபிரட் கஃப், மைல்ஸ் மில்லர். இதே ஜோடி பிறகு ‘ஸ்மால்வில்’ தொடரை உருவாக்கியது.

சீனர்கள் அந்தக் காலத்துல அமெரிக்காவுல என்ன பண்ணிட்டு இருந்தாங்க?

மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். அமெரிக்காவின் கிழக்கையும் மேற்கையும் இணைத்த ரயில்பாதையின் மேற்குப் பகுதியைப் போட்டது சென்ட்ரல் பசிபிக் கம்பெனி. அதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சீனத் தொழிலாளர்கள். சியரா நெவாடா மலையின் கருங்கல்லை வெடிமருந்தும் கைச்சுத்தியலுமாக, பனிச்சரிவுக்கு நடுவே குடைந்தவர்கள் அவர்கள்தான். 1869 மே 10 அன்று யூட்டாவில் இரு பாதைகளும் சேர்ந்தன. படத்தில் லோ ஃபாங் கூலிகளை அடிமை மாதிரி நடத்தும் முகாம் இந்த வரலாற்றின் நிழல். பெரும்பாதை முடிந்து பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது என்றாலும் கிளைப்பாதை வேலைகள் நெவாடாவில் நடந்துகொண்டுதான் இருந்தன. அதனால் அதைப் பெரிய பிழை என்று சொல்ல மாட்டேன்.

1881 என்ற வருஷம் இன்னொரு விதத்திலும் கனமானது. அடுத்த வருஷமே, 1882 மே மாதம், சீனத் தொழிலாளர்கள் உள்ளே வரக்கூடாது என்று அமெரிக்கா சட்டம் போட்டது. 1943இல்தான் அது நீங்கியது. சோன் வாங் ஒரு வருஷம் தாமதித்திருந்தால் துறைமுகத்திலேயே பெட்டி தூக்குகிறவனுக்குக் கேள்வி மேல் கேள்வி விழுந்திருக்கும்.

செவ்விந்தியர் வர்ற பகுதி சரியா காட்டியிருக்காங்களா?

அந்தப் பேரை விட்டு, பூர்வகுடிகள் என்றே சொல்வோம். இங்கே படம் கோட்டை விட்டிருக்கிறது. காட்டப்படுவது சூ, க்ரோ இனத்தவர். இவர்கள் ஊர் மொன்டானா, டகோட்டா பக்கத்துச் சமவெளி, நெவாடாவில் இருந்து வெகுதூரம். நெவாடாவின் சொந்தக்காரர்கள் பையூட், ஷோஷோனி, வாஷோ மக்கள். திருநெல்வேலியில் ரயிலை விட்டு இறங்கி, கொஞ்சம் நடந்து மராட்டிய கிராமத்துக்குள் போன கதை. படம் பிடித்தது கனடாவின் ஆல்பர்ட்டாவில் என்பதால் நிலமும் நெவாடாவின் வறட்சிக்குப் பொருந்தாமல் பச்சையும் பனிமலையுமாக இருக்கும். கண்ணுக்குக் குளிர்ச்சி, கணக்குக்குத் தப்பு.

புகைபிடித்து மயங்கிய சோன் வாங் கண்விழித்தால் கல்யாணம் முடிந்திருக்கிறது. மனைவியாக வரும் ஃபாலிங் லீவ்ஸ் ஆபத்தில் எல்லாம் துப்பாக்கியோடு வந்து காப்பாற்றுகிறாள். ஆனால் பேசுவதற்கு அவளுக்கு ஏதுமில்லை. எனக்கு இந்தப் படத்தில் உள்ள பெரிய மனக்குறை அதுதான்.

குதிரைக்கு ஏன் ஃபைடோனு பேரு?

நம் ஊர் மணி, டைகர் மாதிரி அமெரிக்காவில் நாய்க்கு வைக்கிற பேர் அது. குதிரையும் நாய் மாதிரிதான் நடந்துகொள்ளும்.

சின்னப் பசங்களோட பாக்கலாமா?

அமெரிக்காவில் பதின்மூன்று வயதுக்குக் கீழானவர்களுக்குப் பெற்றோர் யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்ற சான்றிதழ். இரண்டு பேரும் தொட்டிகளில் உட்கார்ந்து குடிக்கும் நீண்ட காட்சி நடக்கும் இடம் ஒரு விலைமாதர் விடுதி. ரத்தம் அதிகமில்லை. பத்து வயதுப் பையன் கேட்கிற கேள்விக்குப் பதில் தயாராக வைத்திருந்தால் போதும். எங்கள் வீட்டில் அண்ணி அந்த நேரம் பார்த்து எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்.

படம் ஓடுச்சா?

சுமாராக. ஐந்தரைக் கோடி டாலரில் எடுத்து, உலகம் முழுக்கச் சேர்த்துப் பத்துக் கோடியைத் தொடும் அளவு வசூல். டாம் குரூசின் ‘மிஷன் இம்பாசிபிள்’ இரண்டாம் பாகம் வந்த அதே வாரம் வந்து மாட்டிக்கொண்டது. பிறகு டிவிதான் இதை வாழவைத்தது.

இதே மாதிரி ஜெட் லீ படம் ஒண்ணு பாத்தேனே. இது காப்பியா?

நீங்கள் சொல்வது 1997இல் சாம்மோ ஹங் இயக்கிய ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் சைனா அண்ட் அமெரிக்கா’. அதிலும் குங்ஃபூ வீரன் ஒருவன் அமெரிக்க மேற்கில் வந்து பூர்வகுடிகளோடு தங்குகிறான். சாம்மோ ஹங் வேறு யாருமில்லை, ஜாக்கி சானோடு அதே ஆப்பெரா பள்ளியில் அடிவாங்கிய மூத்தவர். ஒற்றுமை உண்டு, ஆனால் சுவை வேறு. அங்கே வீரன் தனி ஆள், இங்கே ஜோடிதான் படமே.

குங்ஃபூவும் கவ்பாயும் கலந்தது அதற்கும் வெகு முன்னால். 1974இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸும் இத்தாலியர்களும் சேர்ந்து, லோ லியே என்ற குங்ஃபூ நடிகரை வைத்து ஒரு நகைச்சுவைப் படம் எடுத்தார்கள். கூட நடித்த கவ்பாய் யார் தெரியுமா? மேலே மார்ஷல் கேள்வியில் சொன்ன அதே லீ வான் கிளீஃப். அந்தப் பேரை வில்லனுக்கு வைத்தது இன்னும் பொருத்தமாகிவிடுகிறது.

ரெண்டாம் பாகம் பாக்கலாமா? மூணாவது எப்ப?

‘ஷாங்காய் நைட்ஸ்’ 2003இல் வந்தது. இயக்குநர் டேவிட் டாப்கின். கதை லண்டனுக்குப் போகிறது, டோனி யென் வில்லனாக வருகிறார். சந்தையில் குடையை வைத்துக்கொண்டு ஜாக்கி சான் செய்யும் வேடிக்கைக்காகவே பார்க்கலாம். முதல் பாகத்தில் பாடுபட்டுச் சேர்த்த ஜோடிகளை ஒரு வசனத்தில் கழற்றிவிட்டதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மூன்றாம் பாகம் ‘ஷாங்காய் டான்’ என்று அறிவிப்பு வந்தது, படம் வரவில்லை.

கடைசியா ஒண்ணு. தேவாலயத்துல மார்ஷல் அத்தனை குண்டு சுடுறான், ராய் மேல ஒண்ணுகூடப் படலையே, அது எப்படி?

எல்லோரும் இதை ஓட்டை என்கிறார்கள். எனக்கு இதுதான் படத்தின் சரியான ஜோக். ராய் படம் முழுக்க வாயால் சுடுகிறவன், கையால் சுடத் தெரியாதவன். பெரிய துப்பாக்கி வீரன் என்ற பிம்பமே, அந்தப் பேரைப் போல, அவனே ஒட்டிக்கொண்டது. மார்ஷலோ உண்மையான குறிகாரன். இருவரும் நேருக்கு நேர் நின்று சுட்டு முடித்த பிறகு ராய் தன் உடம்பைத் தடவிப் பார்க்கிறான். சட்டையில் ஓட்டை இருக்கிறது, உடம்பில் இல்லை. எதிரே மார்ஷல் சாய்கிறான்.

கவ்பாய் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். அந்தப் படங்களில் ஹீரோவுக்குக் குண்டு படாது, ஏனென்றால் அவன் ஹீரோ. ராய்க்கு அந்தச் சலுகை கடைசி நிமிடத்தில், எந்தத் தகுதியும் இல்லாமல் கிடைக்கிறது. அவனுக்கே அதை நம்ப முடியவில்லை. ஓவன் வில்சனின் முகத்தை அந்த இடத்தில் நிறுத்திப் பாருங்கள். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்க்காத குறைதான்.